உசுரு டப்பாவுக்கு ஒரு நெருப்பு

எங்கள் படகில் நெருப்பு என்று தனியாக எதையும் எடுத்துப் போனதில்லை. யாராவது பீடி குடிப்பான். அவனிடம் தீப்பெட்டி இருக்கும். இதுதான் ஏற்பாடு. மண்ணெண்ணெய் ஏற்றியாச்சா, குடிதண்ணீர் ஏற்றியாச்சா, வலை சரியா என்று கேட்போம். தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டவன் கிடையாது. மூச்சு எடுத்து வந்தாயா என்று யாராவது கேட்பார்களா?

எண்ணூரில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. திருவொற்றியூர் கரையில் எங்கள் ஃபைபர் படகு. அதில் எனக்குப் பாதி, பங்காளிக்குப் பாதி. எஞ்சின் என்னுடையது. கூட இரண்டு ஆள் வருவார்கள். நாலு பேரும் பீடிக்காரர்கள். அந்த வகையில் நாலு தீப்பெட்டி உள்ள பாதுகாப்பான படகு.

அந்தக் கார்த்திகையில் நாலு பேரும் சேர்ந்து மாலை போட்டோம். பங்காளி பதினெட்டு வருஷம் ஐயப்பன் மலை ஏறியவர். அதனால் அவர்தான் குருசாமி. மாலை போட்டவன் மீன் தின்னக்கூடாது, தெரியும். பிடிக்கலாமா என்பதுதான் சந்தேகம். குருசாமியிடம் கேட்டோம். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"துன்றதுதான் தப்பு. புட்சி விக்கறது தொயிலு."

படகில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

மாலை போட்டால் பீடி கிடையாது. கெட்ட வார்த்தை கிடையாது. ஒருவனை ஒருவன் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சட்டையும் இல்லை, கறுப்பு வேட்டி, தோளில் ஒரு துண்டு. நாலு பேரும் சுத்தமாக இருந்தோம். பீடி போனது. சட்டை போனது. சட்டைப் பையோடு தீப்பெட்டி போனதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது படகின் முன்பக்கத்தில் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவோம். ஏற்றுவது குருசாமி. அவர் தோள்பையில் கற்பூரமும் தீப்பெட்டியும் இருக்கும். ஏற்றி முடித்ததும் பையைக் கரையில் வலைக் கொட்டகையில் மாட்டிவிடுவார். சாமி பையில் மீன் கவிச்சி படக்கூடாது. பக்தி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மாலை போட்டு இருபது நாள் இருக்கும். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மத்தியானம் எஞ்சின் நின்றது. கழற்றிப் பார்த்தோம். பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் போய்விட்டது. பொறியே வரவில்லை. வாடைக் காற்று, தூறல், தண்ணீர் தெற்கே இழுக்கிறது. ஒரே ஒரு துடுப்பு. நாலு பேர் நடுக்கடலில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு, கெட்ட வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த விரதம் எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பொழுது சாயும் நேரம் காசிமேட்டு விசைப்படகு ஒன்று வந்தது. கூப்பிட்டால் கேட்காது, ஆனால் கொள்ளி காட்டினால் தெரியும். அவ்வளவு தூரம். துடுப்பு நுனியில் துணி சுற்றினேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன். எல்லாம் தயார்.

"சாமி, தீப்பெட்டி எடு சாமி" என்றேன்.

"எங்கிட்ட ஏது சாமி? நான் பீடி வுட்டு இருவது நாளாச்சி."

"உங்கிட்ட?"

"சட்டைல கீது சாமி."

"சட்டை?"

"வூட்ல ஆணில மாட்டிகீது."

என் சட்டையும் ஆணியில்தான். குருசாமியைப் பார்த்தோம். அவர் இடுப்பில் ஒரு பொட்டலம் கற்பூரம் இருந்தது. எடுத்து நீட்டினார். கற்பூரத்தைப் பற்றவைக்க ஏதாவது வேண்டுமே என்றோம்.

"பைல கீது."

"பை எங்க சாமி?"

"கொட்டாயில."

எண்ணெய் சொட்டுகிற துடுப்பைக் கீழே வைத்தேன். பிறகு ஒருவன், "சாமி" என்றான். அந்த ஒரு வார்த்தையிலேயே இருபது நாளாக அடக்கிவைத்த எல்லா வார்த்தையும் இருந்தது.

விசைப்படகு போய்விட்டது. இருட்டிய பிறகு மேற்கே பார்த்தேன். துறைமுக வெளிச்சம் லேசாகத் தெரிந்தது. மணலிப் பக்கம் ஆலைக் குழாய் உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அது ராத்திரி பகல் எரியும். யாருக்கும் வேண்டாத வாயுவை எரிக்கிறார்களாம். எங்கள் குப்பம் இருக்கிற இடம் இருட்டாக இருந்தது. அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ந்தது.

விடிந்த பிறகு இன்னொரு விசைப்படகு எங்கள் மேலேயே ஏற வந்தது. கடைசி நேரத்தில் பார்த்துவிட்டார்கள். கயிறு போட்டு இழுத்தார்கள். டீ கொடுத்தார்கள். அந்தப் படகு டிரைவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏன்யா, ஒரு கொள்ளி காட்ட மாட்டீங்க?"

"தீப்பெட்டி இல்ல."

"நாலு பேரு கீறீங்க. ஒருத்தன்கூடவா பீடி புடிக்கல?"

குருசாமி மாலையைத் தொட்டுக் காட்டினார். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தபடியே வயர்லெஸ்ஸில் அடுத்த படகுக்குச் சொன்னார். நாங்கள் கரைக்கு வரும் முன்பே சிரிப்பு கரைக்கு வந்துவிட்டது.

என் மனைவி மணலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய லாரி டயர் கிடந்தது. எங்கள் கரையில் கிடக்காத குப்பை இல்லை. அதைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றேன். என்னைக் காலில் இருந்து தலை வரைக்கும் பார்த்தாள்.

"கஞ்சி கீது" என்றாள். எழுந்து நடந்தாள். பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை என்று சந்தோஷப்பட்டேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

எஞ்சினுக்குக் காயில் மாற்றினேன். மலைக்குப் போய் வந்தோம். போகும் முன்பு அவள் ஒரு சத்தியம் வாங்கினாள். மாலை கழற்றினாலும் பீடி கூடாது. இருமல் தாங்க முடியவில்லையாம். சரி என்றேன். மற்ற மூன்று பேரும் மாலையைக் கழற்றிய கையோடு பற்றவைத்தார்கள்.

மலையில் இருந்து வந்த மறுநாள் எஞ்சினை எடுக்கப் போனேன். எங்கள் பக்கம் எஞ்சினைக் கரையில் விட மாட்டார்கள், காலையில் இருக்காது. தூக்கிவந்து வீட்டுக்குள் வைப்போம். எனக்கு இரண்டு அறை. பின்னறையில் கட்டில் போட இடமில்லை, எஞ்சின் போட இடம் உண்டு. அந்த அறைக் கதவில் பூட்டு தொங்கியது. புதுப் பூட்டு. சாவி அவள் இடுப்பில்.

"இன்னாமே இது?"

"பூட்டு."

"அது தெரிது. இன்னாத்துக்கு?"

"கடலுக்குப் போவாதன்னு சொல்லல. நெருப்பு காட்டு, தொறக்கறன்."

"இன்னா நெருப்பு?"

"நனைஞ்ச நெருப்பு. கை நனைஞ்சிருக்கணும், நெருப்பும் நனைஞ்சிருக்கணும். மூணு தபாவுக்குள்ள பத்தணும்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பிளாஸ்டிக் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் நிறம், திருகு மூடி. தனியாக மாட்டிக்கொண்டால் உயிரோடு இருக்க என்னென்ன வேண்டுமோ எல்லாம் அதில் இருக்க வேண்டும், அது என் இடுப்புக் கயிற்றில் இருக்க வேண்டும். படகில் அல்ல, இடுப்பில். அதுதான் சட்டம். நான் முதலில் ஒரு விசிலை அதற்குள் போட்டேன். கத்தி, தூண்டில் நரம்பு, கண்ணாடித் துண்டு, சிவப்புத் துணி, வெல்லம். அரை நாளில் எல்லாம் சேர்ந்தது. குப்பத்தில் அதற்கு உசுரு டப்பா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நெருப்பு மட்டும்தான் பாக்கி. அதற்கு ஒரு மாசம் ஆனது.

முதலில் பங்காளி வந்தார். படகு சும்மா கிடக்கிறதே.

"தங்கச்சி, இன்னாம்மா பேஜாரு? நான்தான் திரும்பப் பீடி புடிக்கறனே. பாக்கெட்ல தீப்பெட்டி கீது பாரு."

"அடுத்த கார்த்திகைக்கு இன்னா பண்ணுவண்ணே?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. போய்விட்டார்.

சரி, தீப்பெட்டிதானே. ஆணியில் தொங்கிய என் சட்டையில் கை விட்டேன். காலி.

"இதுல ஒரு பொட்டி இருந்ததே?"

"தீந்துடிச்சி."

"புதுசாச்சே. நாலு குச்சிதான் கிழிச்சிருப்பேன்."

"தீந்துடிச்சின்றன்ல."

கடைக்குப் போய் ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன். அவள் வாளியில் கடல் தண்ணீர் வைத்திருந்தாள். அதில் போட்டு மேலே ஒரு கல்லை வைத்தாள். அடுப்பில் சோறு வைத்தாள். சோறு வேகும் வரைக்கும் பொட்டலம் தண்ணீரில். எடுத்தேன். உள்ளே தீப்பெட்டி காய்ந்தே இருந்தது. நான் சிரித்தேன்.

"கைய நனை" என்றாள்.

நனைந்த கையால் பிரித்தேன். கவரைத் தொட்ட தண்ணீர் பெட்டியைத் தொட்டது. முதல் குச்சியில் மருந்து உதிர்ந்தது. இரண்டாவது, பெட்டியின் பக்கவாட்டு மருந்தைச் சேறு மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. மூன்றாவது குச்சி உடைந்தது. குச்சி காய்ந்திருந்து என்ன செய்ய? பிடிக்கிறவன் நனைந்தவன். அவள் சோற்றை வடித்தாள்.

மெழுகுக் குச்சி வாங்கினேன். அது தண்ணீருக்கு அசராது என்று கடைக்காரன் சொன்னான். தண்ணீருக்கு அசரவில்லைதான். என் விரலுக்கு அசந்தது. உரசினால் வளைகிறது, சாமியாடி மாதிரி.

அதற்குள் எங்கள் சந்தில் விஷயம் பரவிவிட்டது. சோறு வேகும் நேரத்துக்கு நாலு பேர் வாசலில் வந்து குந்துவார்கள்.

"மாமு, இன்னிக்கி இன்னா பரிச்சை?"

"பாஸா, பெயிலா?"

"பெயிலானா சோறு உண்டா, இல்லயா? அத்தச் சொல்லு மொதல்ல."

சோறு உண்டு. அந்த விஷயத்தில் அவள் நியாயமானவள். ஏலத்தில் மீன் எடுத்து, கூடை தூக்கி, ராயபுரம் வரைக்கும் போய் விற்றுவந்து எனக்குச் சோறு போட்டாள். சொந்தப் படகு இருந்தும் அடுத்தவன் படகு மீனை ஏலம் எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் ஏதாவது கேட்டால், "வூட்டு எஞ்சினு பரிச்சை எயுதிகினு கீது" என்பாள்.

பர்மா பஜார் போனேன். அங்கே இல்லாத லைட்டர் இல்லை. துப்பாக்கி மாதிரி ஒன்று, மீன் மாதிரி ஒன்று. கடைக்காரன் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். பின்பக்கத்தில் சின்ன டார்ச்.

"ஃபாரின் சரக்கு நைனா. மழையிலகூடப் பத்தும்."

"கடல்ல?"

"கடல்ல இன்னாத்துக்குப் பத்தவெக்கற?"

நல்ல கேள்வி. பதில் சொன்னால் பொழுது போய்விடும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். வாளி. கல். சோறு. எடுத்தேன். டார்ச் எரிந்தது. வாசலில் கைதட்டினார்கள். சக்கரத்தைத் தள்ளினேன். ஈரக் கல்லில் பொறி வரவில்லை. ஒரு தபா, இரண்டு தபா, மூன்று தபா. பிறகு அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். காய்ந்ததும் அழகாகப் பற்றியது. நெருப்பு வர வேண்டுமென்றால் முதலில் நெருப்பு இருக்க வேண்டும். அந்தச் சரக்கின் விசேஷம் அது. ஒரு வாரத்தில் சக்கரம் துருவில் ஒட்டிக்கொண்டது. டார்ச் மட்டும் ரொம்ப நாள் உழைத்தது.

ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான் விற்கிற கடை ஒன்று. உடைத்த கப்பலில் இருந்து வந்த சங்கிலி, கடிகாரம், கழிப்பறைக் கதவு, எல்லாம் இருக்கும். கடைக்கார பாயிடம் நெருப்பு கேட்டேன். முதலில் ஒரு பூதக்கண்ணாடியைக் காட்டினார். வெயிலில் பிடித்தால் பஞ்சு பற்றுமாம். நல்ல வெயிலில், ஆடாத கையில், காய்ந்த பஞ்சில். அப்படிப்பட்ட நாளில் எனக்கு நெருப்பு எதற்கு, நான் நீந்தியே கரைக்கு வந்துவிடுவேன். இதைச் சொன்னதும் உள்ளே போய் இரண்டு சிவப்புக் குழாய் எடுத்துவந்தார். கை நீளம்கூட இல்லை.

"கப்பல் கவுந்தா தொரைங்க இத்ததான் புடிப்பானுங்க. அடியில தட்டுனா எரியும். தண்ணில போட்டாலும் எரியும்."

"இதுல தேதி போட்டுகீதே பாய். தேதி போயிடிச்சே."

"மருந்துக்குத்தான் நைனா தேதி. நெருப்புக்கு இன்னா தேதி?"

இரண்டையும் வாங்கினேன். வெற்றி என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எரிதான்னு காட்டு."

"எரிஞ்சா தீந்துடும்மே. ஒரு தபாதான் எரியும்."

"எரியலன்னா நீ தீந்துடுவ."

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, கரைக்குப் போனோம். வாசல் கூட்டமும் கூட வந்தது. ஒன்றை வாளியில் ஊறவைத்தோம். இன்னொன்றைச் சும்மா கையில் எடுத்து அடியில் தட்டினேன். மணலே சிவந்து போனது. சீறிக்கொண்டு எரிந்தது. புகை குப்பத்துக்குள் போனது. எங்கள் ஊருக்கு அடியில் எத்தனை எண்ணெய்க் குழாய் ஓடுகிறது என்று எங்களுக்கே தெரியாது. சிவப்புப் புகை வந்தால் ஜனம் என்ன நினைக்கும்?

"பைப்பு பத்திகிச்சி! பைப்பு பத்திகிச்சி!"

குப்பத்தில் பாதி ஜனம் ரேஷன் கார்டையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடியது. சிலர் ரேஷன் கார்டை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி, பிறகு திரும்பி வந்தார்கள். எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டுவரக் கொஞ்ச நேரம் ஆனது. அதன் பிறகு வாளியில் இருந்த இரண்டாவதை எடுத்துத் தட்டினேன். உஸ் என்றது. கொஞ்சம் வெள்ளையாக எச்சில் மாதிரி வந்தது. அவ்வளவுதான்.

ஆக, எரிகிறது எரிந்து தீர்ந்தது. மிஞ்சியது எரியவில்லை.

"பாஸா, பெயிலா மாமு?" என்றான் ஒருவன்.

ஊர்ப் பெரியவர்கள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள், அவளிடம் யாருக்குத் தைரியம்?

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்தேன். உடைக்கலாம். இரண்டு தட்டு போதும். பங்காளியும் உடைத்துவிடு என்றார். கூட வரும் இரண்டு பேரும் வேறு படகில் ஏறப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு வரைக்கும் பார், இல்லையென்றால் போய்விடுவோம். படகு, ஆள், எஞ்சின், எல்லாம் ஒரு ஊறுகாய் ஜாடியில் மாட்டிக்கொண்டு நின்றது. சுத்தியலைக்கூட எடுத்தேன். அவள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். தடுக்கவில்லை.

"ஒடை. போ. ஆனா திரும்பி வந்தா இங்க வராத" என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள்.

சுத்தியலை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி சாப்பிட வந்தான். எண்ணூர் பக்கம் ஒரு பட்டறையில் கேஸ் கட்டிங் வேலை. இரும்புத் தகடுகளை கேஸ் நெருப்பால் அறுக்கிற வேலை. அதிகம் பேசமாட்டான். கறித்துண்டைப் பார்த்து மட்டும் பேசுவான். நான் ஒரு மாசக் கதையைச் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் கேட்டான். கை கழுவிவிட்டுத் தன் வேலைப் பையில் இருந்து ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டான்.

"இத்த எடு மாமா."

பெரிய ஊக்கு மாதிரி வளைத்த கம்பி. ஒரு முனையில் சின்னக் கிண்ணம், அதற்குள் அரம். இன்னொரு முனையில் சிக்கிமுக்கிக் கல். அமுக்கினால் அரத்தில் கல் உரசிப் பொறி வரும். கேஸ் கட்டிங்காரன் அதில்தான் நெருப்பு பற்றவைப்பான்.

"மழையில?"

"மழைல, சேத்துல, எண்ணெய்ல. ரெண்டு ஒதறு ஒதறுனா போதும். ஒரு மாசமா இதுக்கா அல்லாடிகினு கீற?"

எங்கள் வீட்டுக்கு மாசம் இரண்டு தடவை சாப்பிட வருகிறவன் பையிலேயே அது இருந்தது. நான் பர்மா பஜார், ராயபுரம் என்று சுற்றினேன். எனக்குப் பரிசு கொடுக்கலாம்.

அன்றைக்கு வெளியே மழையும் பெய்தது. வாளி, கல், சோறு. எடுத்தேன். உதறினேன். கையை நனைத்தேன். அமுக்கினேன். பொறி வந்தது. வாசலில் ஓ என்று கத்தினார்கள். ஸ்டவ் திரியில் காட்டினேன். பொறி விழுந்தது, அணைந்தது. மறுபடி. மறுபடி. மண்ணெண்ணெய்த் திரி வெறும் பொறிக்குப் பற்றாது. மூன்று தபா முடிந்தது.

"பெயிலு" என்றான் வாசலில் ஒருவன்.

நான் எழுந்தேன். அவள், "குந்து" என்றாள். முதல் தடவையாக இன்னொரு வாய்ப்பு. அந்தப் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினை முதலில் கிளப்ப நாங்கள் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருப்போம். அதில் ஒரு டானிக் பாட்டில் அளவு எடுத்தாள். அவள் தம்பி பையில் எண்ணெய் துடைக்கிற பஞ்சு இருந்தது. அதில் நாலு சொட்டு விட்டாள். சாமி மாடத்தில் இருந்து இரண்டு கற்பூரம் எடுத்து அந்தப் பஞ்சில் வைத்தாள். எல்லாவற்றையும் வாசல்படிக்கு வெளியே, சாரல் படுகிற இடத்தில், ஒரு தட்டில் வைத்தாள். பாட்டிலைத் தூரத் தள்ளினாள். மீன் வாளியில் இரண்டு கையையும் முக்கினாள். என் கையில் இருந்ததைப் பிடுங்கி இரண்டு உதறு உதறினாள்.

ஒரே தபா. பஞ்சு குப்பென்று பற்றியது. பஞ்சில் இருந்து கற்பூரம் பற்றியது. சாரல் விழுந்துகொண்டே இருந்தது. கற்பூரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிய ஒரு துணியை நான் காட்டினேன். துணியும் பற்றியது.

வாசலில் குந்தியிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அவள் அந்தத் துணி எரிந்து முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்கி டயர இஸ்துகினு போய்ப் போட்டேன். கரைல நெருப்பு தெரிஞ்சா நீ பாப்பன்னு. உன் சட்டைல இருந்த பொட்டிதான். மழை. கையெல்லாம் தண்ணி. பொட்டி பூரா கிழிச்சேன். ஒண்ணுகூடப் பத்தல."

மணலில் நான் தாண்டிப் போன டயர் அது. கடலில் நான் பார்த்த இருட்டு அது. ஒரு பெட்டித் தீக்குச்சி எங்கே போனது என்று கேட்டவனும் நான்தான்.

அவள் இடுப்பில் இருந்து சாவியை எடுத்துத் திண்டில் வைத்தாள். தம்பியைப் பார்த்து, "இன்னொண்ணு இருந்தா எட்த்தாடா. வூட்டுக்கு" என்றாள்.

அடுத்த வாரம் அவன் கொண்டுவந்தான். ஒன்று என் டப்பாவில். கூடவே பஞ்சு, கற்பூரம், டானிக் பாட்டில். இன்னொன்று என் சட்டை தொங்குகிற ஆணியில். அமாவாசைக்கு அமாவாசை கடலுக்குப் போக மாட்டோம், அன்றைக்கு டப்பாவைத் திறந்து வாளியில் முக்கிப் பரிசோதனை. பெரிய பெரிய கப்பலுக்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான் சர்வே. எனக்கு மாசா மாசம்.

அடுத்த கார்த்திகையில் நாலு பேரும் மறுபடி மாலை போட்டோம். மற்ற மூன்று பேருக்கும் பீடி போனது, எல்லாருக்கும் சட்டை போனது. கிளம்புகிற அன்று தூறல். குருசாமி படகின் முன்பக்கத்தில் கற்பூரம் வைத்துத் தீப்பெட்டியை உரசினார். உரசினார். ஈரக் கை. பெட்டி சேறானது. எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார்.

"அத்த எடு சாமி" என்றார்.

"இது கட்டிங் பட்டறை சாமான் சாமி. பூசைக்கு ஆவுமா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"நெருப்புக்கு ஏது சாமி தீட்டு" என்றார்.

டப்பாவைத் திறந்தேன். பஞ்சை எடுத்தேன். அமுக்கினேன். காற்று அடித்துக்கொண்டு போனது. கரையில் அவள் மீன் கூடையோடு நின்றிருந்தாள். கையில் ஒரு விரலை மடக்கியிருந்தாள். மறுபடி அமுக்கினேன். இரண்டாவது விரலை மடக்கினாள். முதுகைக் காற்றுக்குக் காட்டிக் குனிந்தேன்.

மூன்றாவது தபா பற்றியது.

குருசாமி கும்பிட்டு முடித்துவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டுபோய், போன வருஷம் மாதிரியே, கொட்டகையில் மாட்டிவிட்டு வந்தார். நான் எஞ்சின் கயிற்றை இழுத்தேன்.